செங்கல் சுவர் அறையில் பேஸ் பேனல்: எங்கே, எவ்வளவு, எந்த வரிசையில்

நல்ல ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கி வைத்த பிறகும், மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி எழுப்பும் பக்கம்) ஒரு பாட்டில் காதை அடைத்து, அடுத்த பாட்டில் இருக்கிற இடமே தெரியாமல் போகிறதென்றால், கருவியைக் குறை சொல்வதற்கு முன் அறையைக் கவனிக்க வேண்டும். வீட்டு அறைகளில் ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம் காதில் விழுவதில் பெரும்பங்கை அறையின் அளவும் சுவர்களும்தான் தீர்மானிக்கின்றன. வீட்டில் ஓர் அறையை இசை கேட்பதற்கென ஒதுக்கிவிட்டு, பேஸ் பேனல்களை, அதாவது தாழ்ந்த ஒலியை (பேஸ்) உறிஞ்சும் சட்டங்களை, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. கணக்குகளுக்கு எடுத்துக்காட்டாக 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட ஒரு சாதாரணப் படுக்கையறையை எடுத்துக்கொள்வோம்.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அங்கே உட்சுவர்கள் மரச்சட்டத்தில் அறையப்பட்ட ஜிப்சம் பலகைகள். தாழ்ந்த ஒலி மோதும்போது அவை சற்றே அதிர்ந்து, ஒரு பகுதியைத் தாமே விழுங்கி, இன்னொரு பகுதியை வெளியே கசியவிடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அப்படி அசைந்துகொடுப்பதில்லை. வந்த பேஸில் ஏறக்குறைய முழுவதையும் அறைக்குள்ளேயே திருப்பி அனுப்புகின்றன. ஆகையால், அவர்கள் நான்கு பேனல் போதும் என்று சொல்லுமிடத்தில் நமக்கு எண்ணிக்கையும் தடிமனும் கூடுதலாகவே தேவைப்படும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேஸ் பேனல் அறைக்குள் ஒலியைச் சீராக்குவதற்கு மட்டுமே உதவும். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதை அது தடுக்காது. அந்த நோக்கத்தில் வாங்குபவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

பேனல் வேலை செய்யும் விதம்

ராக்வூல் (பாறையிழைப் பஞ்சு), கிளாஸ்வூல் (கண்ணாடியிழைப் பஞ்சு) போன்ற நுண்துளைப் பொருள்களுக்குள் காற்று முன்னும் பின்னும் அசையும்போது இழைகளோடு உராய்கிறது. ஒலியாற்றல் அந்த உராய்வில் வெப்பமாக மாறித் தீர்கிறது. எனவே காற்று வேகமாக அசையும் இடத்தில் இருந்தால்தான் பேனலுக்கு வேலை உண்டு. ஆனால் சுவரை ஒட்டிய காற்றுக்கு அசைய இடமில்லை. அங்கே அழுத்தம் உச்சத்திலும் அசைவு பூச்சியத்திலும் இருக்கும். சுவரிலிருந்து கால் அலைநீளத் தொலைவில்தான் அசைவு உச்சத்தை எட்டும். நம் ஊர் வெப்பநிலையில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1145 அடி என்பதால், 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் பதினொன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு. அதன் கால் பங்கு ஏறத்தாழ 2.9 அடி. இரண்டு அங்குல ஃபோமைச் சுவரில் ஒட்டினால் பேஸ் ஏன் அசைந்துகொடுப்பதில்லை என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும். ஃபோம் கைதட்டலின் எதிரொலியை அடக்கும். மேல் சுருதிகளை மட்டும் விழுங்கிவிட்டுப் பேஸை அப்படியே விடுவதால் அறை முன்னைவிட மந்தமாகவே கேட்கும். முட்டை அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நூறு ஹெர்ட்ஸுக்கு மூன்றடி ஆழத்தில் பேனல் செய்ய எந்த வீட்டிலும் இடமிருக்காது. நல்லவேளையாக, கால் அலைநீளத்தை முழுமையாக எட்டாவிட்டாலும், ஆழம் கூடக்கூட உறிஞ்சல் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே போகும். அந்த ஆழத்தில் ஒரு பகுதி வெறும் காற்று இடைவெளியாக இருந்தாலும் பயன் உண்டு.

முதல் படி: அறையின் கணக்கைப் போடுதல்

எதிரெதிர் சுவர்களுக்கிடையே நிலையலை (ஒலி போய்த் திரும்பி, சில இடங்களில் உரத்தும் சில இடங்களில் மறைந்தும் நிற்பது) உண்டாகும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணைக் காண, 1145ஐ அந்தச் சுவர்களுக்கிடையே உள்ள அடியளவின் இருமடங்கால் வகுக்க வேண்டும். நம் அறையில் நீளவாக்கில் 41, அகலவாக்கில் 52, உயரவாக்கில் 57 ஹெர்ட்ஸ் வருகின்றன. இவற்றின் மடங்குகளான 82, 104, 114, 123 ஆகியவற்றிலும் தொல்லை எழும். 52ம் 57ம் அருகருகே விழுவதால் அந்தப் பகுதி வீங்கியும், 57க்கும் 82க்கும் இடையே மெலிந்தும் ஒலிக்க வாய்ப்பு அதிகம். சுவர்களின் மூலைவிட்ட வழிகளிலும் நிலையலைகள் உண்டு என்றாலும் தொடக்கத்தில் இந்த மூன்று எண்கள் போதும். பத்துக்குப் பத்து அறையில் கூரையும் பத்தடி என்றால் மூன்று திசைகளிலும் அதே 57 ஹெர்ட்ஸ்தான் வரும். வேறு அறை கிடைக்குமானால் அதற்கு மாறிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: இருக்கையும் ஸ்பீக்கர்களும்

பேனலுக்கு ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. நாற்காலி அறையின் நீளத்தில் சரிபாதியில் இருந்தால் 41 ஹெர்ட்ஸ் அங்கே ஏறக்குறைய மறைந்துபோகும். பின்சுவரிலிருந்து கால் பங்குத் தொலைவில் இருந்தால் 82 மறையும். பின்சுவரை ஒட்டியே உட்கார்ந்தால் எல்லாம் சேர்ந்து காதில் குமுறும். இவற்றுக்கு இடைப்பட்டதாக, பின்சுவரிலிருந்து நீளத்தின் 38 விழுக்காட்டுத் தொலைவை, அதாவது நம் அறையில் சுமார் 5.3 அடியைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்வது வழக்கம். அது வேதவாக்கு அல்ல; அங்கிருந்து அரையடி முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஸ்பீக்கர்கள் நீளவாக்கில், குறுகிய சுவரைப் பின்னால் கொண்டு, இடது வலது சுவர்களிலிருந்து ஒரே அளவு தள்ளி நிற்கட்டும். ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கிப் போகும் பேஸ், சுவரில் பட்டுத் திரும்பி வந்து நேரடி ஒலியோடு மோதும். கூம்புக்கும் (ஸ்பீக்கரில் அதிரும் பகுதி) சுவருக்கும் உள்ள தொலைவு கால் அலைநீளமாக அமையும் அதிர்வெண்ணில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கூம்பு சுவரிலிருந்து 2.5 அடியில் இருந்தால் அந்தப் பள்ளம் 114 ஹெர்ட்ஸ் அருகிலும், 3 அடியில் இருந்தால் 95 அருகிலும் விழும். பெட்டியின் முதுகிலிருந்து அளக்காமல், கூம்பு இருக்கும் முன்முகத்திலிருந்து அளக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பக்கச் சுவருக்கும் ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவருக்கும் உள்ள தொலைவுகள் ஒன்றாக அமைந்தால் இரண்டு பள்ளங்களும் ஒரே இடத்தில் விழுந்து ஆழமாகும்; எனவே அவற்றை வேறுபடுத்தி வையுங்கள்.

மூன்றாம் படி: அளந்து பதிதல்

ரூம் இக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதனோடு மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யுமிக்-1 போன்ற, அளவுத்திருத்தக் கோப்புடன் வரும் யூஎஸ்பி மைக் ஒன்று இருந்தால் போதும். மைக்கை உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில், நாற்காலியின் தலைப்பகுதியிலிருந்து சற்று விலக்கி, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். மின்விசிறியையும் ஏசியையும் அணைத்துவிட்டு, கதவை நீங்கள் வழக்கமாகக் கேட்கும் நிலையிலேயே வைத்து, 20 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை சுருதியை மெல்ல ஏற்றும் சோதனையை இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகவும், பிறகு சேர்த்தும் ஓட்டுங்கள். திறந்த கதவு வழியே பேஸ் வெளியேறும் என்பதால், ஒருமுறை திறந்தும் மறுமுறை மூடியும் அளந்தால் ஒப்பீடு குழம்பிவிடும்.

ஒலி தாழ்விலிருந்து மெல்ல ஏறும்போது அறையில் எது எது கிடுகிடுக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரும்புப் பீரோவின் கைப்பிடி, பரணின் கதவு, ஜன்னல் கண்ணாடி, அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் தட்டு என ஒவ்வொன்றும் தனக்குரிய சுருதியில் குரல் கொடுக்கும். அவற்றை ரப்பர் துண்டாலோ ஃபெல்ட்டாலோ அப்போதே அடக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த அதிர்வைப் பின்னாளில் பேஸ் கோளாறு என்று எண்ணிப் பேனல் வாங்கிக்கொண்டே இருக்க நேரும்.

கிடைக்கும் வரைபடத்தில் மேடுபள்ளங்களை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ளக் கூடாது. அருவிபோல் இறங்கும் இன்னொரு படம் உண்டு. ஒவ்வோர் அதிர்வெண்ணும் நின்றபின் எவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதை அது காட்டும். 52, 57 பகுதியில் மற்ற இடங்கள் அடங்கிய பிறகும் நீண்ட நாக்குப்போல் ஏதாவது துருத்திக்கொண்டிருந்தால், பேனல் முதலில் குறைக்க வேண்டியது அதைத்தான். தொப்பியில் கும்கி (இழைந்து வரும் தாழ்ந்த நாதம்) எழும்போது அடுத்த சொல் தெளிவாக விழாமல் முந்தைய சொல்லின் மேல் படிவது இந்த இழுவையால்தான்.

மைக் வாங்க விருப்பமில்லாதவர்கள், 30 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை தனித்தனிச் சுருதியாக ஒலிக்கவிட்டு, எது உயர்கிறது, எது அமுங்குகிறது என்று காதால் குறித்துக்கொள்ளலாம். துல்லியம் குறைவுதான், திசை தெரியும்.

நான்காம் படி: பொருள்

ஏசி டக்ட், ஃபால்ஸ் சீலிங் வேலைக்காரர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் ராக்வூல் ஸ்லாப் கிடைக்கும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியும் 50 மில்லிமீட்டர் தடிமனும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அடர்த்தி கூடினால் பேஸ் நன்றாக உறிஞ்சப்படும் என்று கடைக்காரர் 96ஐக் காட்டக்கூடும். ஆழமான பேனலில் அது நேர்மாறாகவே முடியும், ஏனென்றால் காற்று உள்ளே புகுவதற்கே தடை அதிகமாகிவிடுகிறது. நான்கு முதல் ஆறு அங்குலம் வரை 48 பொருத்தமானது. ஓரடியோ அதற்கு மேலோ திணிக்கப் போகிறீர்கள் என்றால் 24 அல்லது 32 அடர்த்தியுள்ள கிளாஸ்வூல் மலிவாகவும் முடியும், பேஸுக்குத் திறமையாகவும் இருக்கும்.

ஐந்தாம் படி: கட்டோடு வைத்துச் சோதித்தல்

இந்தப் படியைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது. ஸ்லாப்கள் பிளாஸ்டிக் உறையிட்ட கட்டுகளாக வரும். தச்சரை அழைப்பதற்கு முன், உறையைப் பிரிக்காமலே அந்தக் கட்டுகளை ஒரு மூலையில் தரையிலிருந்து மேலே அடுக்கி, மறுபடி அளந்து பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் மேல் சுருதிகளைத் திருப்பி அனுப்பினாலும் பேஸைத் தடுப்பதில்லை; ஆகவே தாழ்ந்த பகுதிக்கு இந்தச் சோதனை நம்பத்தக்கது. அடுத்து அதே கட்டுகளை எதிர்மூலைக்கும், பிறகு இருக்கைக்குப் பின்னாலுள்ள சுவருக்கும் மாற்றி அளக்க வேண்டும். எங்கே வைத்தபோது அருவிப் படத்தின் நாக்குகள் அதிகம் சுருங்கினவோ அங்கேதான் முதல் பேனல். ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை. சுவரில் ஓர் ஓட்டை கூட விழாது.

ஆறாம் படி: சட்டமும் துணியும்

நாலடி உயரம், இரண்டடி அகலம், நாலங்குல ஆழம் என்ற அளவு கையாள வசதியானது. அதற்கு 1200க்கு 600 மில்லிமீட்டர் ஸ்லாப் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் சரியாக இருக்கும். 1000க்கு 600 அளவு மட்டும் கிடைக்கிறதென்றால் சட்டத்தை அதற்கேற்பச் சுருக்குங்கள். ஸ்லாப்பை ஒட்டுப்போட வேண்டாம். ராக்வூல் மட்டும் மூன்றரைக் கிலோ இருக்கும்; சட்டத்தோடு சேர்த்து ஆறேழு கிலோ வரும். சட்டத்துக்குக் கரையான் மருந்து அடித்த மரமோ பிளைவுட்டோ ஏற்றது. பின்பக்கத்தைப் பலகையால் மூடக் கூடாது. வலையோ குறுக்குச் சட்டமோ போதும்.

மேலே போர்த்தும் துணியை உதட்டருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மறுபக்கத்தில் மூச்சு எளிதாக வந்தால் அது தகும். காடாத் துணி, கதர், சற்றுத் தளர்வாக நெய்த லினன் எல்லாம் பொருந்தும். ரெக்சினும் பூச்சிட்ட சோபாத் துணியும் பொருந்தா. ராக்வூலை அறுக்கும்போது முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி நான்கும் கட்டாயம். மாடியில் அறுத்து, மெல்லிய துணியில் ஒரு சுற்றுச் சுற்றியபின் அறைக்குள் கொண்டுவந்தால் இழைகள் வீட்டில் பரவாது.

ஏழாம் படி: வைக்கும் வரிசை

அறையில் இரண்டு பரப்புகள் சந்திக்கும் விளிம்புகள் பன்னிரண்டு. எல்லா நிலையலைகளின் அழுத்தமும் மூலைகளில் உச்சமாக இருப்பதால், அங்கே வைக்கும் பேனல் நீளம், அகலம், உயரம் என எந்தத் திசை அலையையும் விட்டுவைப்பதில்லை. இரண்டடி அகலப் பேனலை மூலையில் குறுக்காக, இரு சுவர்களையும் தொடும்படி நிறுத்தினால் பின்னால் ஓரடி ஆழத்துக்கு வெற்றிடம் தானாகக் கிடைக்கும். தட்டையாகச் சுவரில் மாட்டுவதைவிட இதில் பயன் பல மடங்கு. அந்த வெற்றிடத்தையும் ராக்வூலால் நிரப்பினால் இன்னும் சிறப்பு. 600 மில்லிமீட்டர் சதுரத்தை இரு மூலைவிட்டங்களிலும் அறுத்தால் நான்கு முக்கோணங்கள் வரும். அவற்றைத் தரையிலிருந்து கூரை வரை அடுக்கிச் செல்லலாம். பத்தடி உயர மூலை ஒன்றுக்கு 1200க்கு 600 ஸ்லாப் எட்டு செலவாகும். அடியில் உள்ளவை நசுங்காமலிருக்க மூன்றடிக்கு ஒரு தாங்கு பலகை வைப்பது அவசியம்.

ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள இரு செங்குத்து மூலைகள் முதலில், இருக்கைக்குப் பின்னாலுள்ள இரு மூலைகள் அடுத்து என்பது பொது வரிசை. ஐந்தாம் படியின் முடிவு வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். நம் வீடுகளில் நான்கு மூலைகளும் காலியாக இருப்பது அபூர்வம். ஒன்றில் கதவு திறக்கும். ஒன்றில் பீரோ நிற்கும். மூலை கிடைக்காதபோது சுவரும் கூரையும் சந்திக்கும் விளிம்பு கைகொடுக்கும். பேனலை அங்கே 45 பாகையில் சாய்த்துத் தொங்கவிட்டால் அதே பயன் கிட்டும், நடமாட்டத்துக்கும் இடைஞ்சல் இல்லை. கான்கிரீட்டில் உலோக ஆங்கர் போல்ட்டுகளே போட வேண்டும். பிளாஸ்டிக் கட்டையை நம்பித் தலைக்கு மேல் ஏழு கிலோவைத் தொங்கவிடக் கூடாது. மின்விசிறிக்கும் விளக்குக்கும் செல்லும் வயர்க் குழாய்கள் கூரைக்குள் ஓடும் வழியை எலக்ட்ரீஷியனிடம் கேட்டறிந்த பிறகே துளையிடுங்கள். படுக்கையறையின் கான்கிரீட் பரண் வீண் என்று நினைக்க வேண்டியதில்லை: பழைய பாத்திரங்களை இறக்கிவிட்டு, அதன் முழு ஆழத்துக்கும் கிளாஸ்வூலைத் திணித்து முன்னால் துணிச்சட்டம் அடித்துவிட்டால், இரண்டடி ஆழமுள்ள பேஸ் டிராப் (பேஸை விழுங்கும் அமைப்பு) ஒன்று ஏற்கெனவே கட்டித் தயாராக இருப்பதாகவே கொள்ளலாம்.

அடுத்து, இருக்கைக்குப் பின்சுவர். இங்கே ஆறு அங்குலப் பேனலைச் சுவரிலிருந்து நாலங்குலம் தள்ளி மாட்டினால் நீளவாக்கு அலைகள் ஓரளவு அடங்கும். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் வைப்பது மேலே சொன்ன பள்ளத்தை ஓரளவு தூர்க்கும். பக்கச் சுவர்களில் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடங்களுக்கு நாலங்குலம் போதும். அவை பேஸைவிடப் பாடகரின் குரல் நிற்கும் இடத்தைத் தெளிவாக்கவே உதவும்.

வாடகை வீடுகளில் எல்லாவற்றையும் காலுள்ள சட்டங்களில் நிறுத்திக்கொள்ளலாம். சுவிட்ச் போர்டையும் ஏசியின் காற்று வழியையும் மூட வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவர் என்றால் பேனலை ஒட்டி வைக்காமல் இரண்டங்குலமாவது இடைவெளி விட்டு, ஐப்பசி கார்த்திகையில் பின்னால் எட்டிப் பார்த்துப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: மறுபடி அளத்தல், மிச்சத்தைத் தீர்த்தல்

இரண்டு பேனல் வைத்தவுடன் அளக்க வேண்டும். மொத்தமும் மாட்டிவிட்டு அளந்தால் எது பயன் தந்தது என்பதே தெரியாது. மூலைகள் நிறைய நிறைய, அறையில் மேல் சுருதிகள் வறண்டு, பேச்சுக்குரல் அடைபட்டதுபோல் தோன்றினால், மூலைப் பேனல்களின் துணிக்கு உட்புறம் தடித்த பழுப்புத் தாளையோ மெல்லிய பிளாஸ்டிக்கையோ ஒட்டிவிடலாம். பேஸ் அதைத் தாண்டி உள்ளே போகும். மேல் சுருதி அறைக்கே திரும்பும். ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய ஸ்லாப் கிடைத்திருந்தால், தாள் அறையைப் பார்க்கும்படி வைத்தால் இதே வேலை முடிந்துவிடும். பக்கச் சுவர்ப் பேனல்களுக்கு மட்டும் இப்படிச் செய்யக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் 41 ஹெர்ட்ஸ் மேடு பெரிதாகக் கரைந்திருக்காது. அந்த ஆழத்தில் நுண்துளைப் பேனலின் எல்லை அவ்வளவுதான். சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) உள்ளவர்கள் இரண்டாவதாக ஒன்றை வாங்கி, முன்சுவரின் நடுவில் ஒன்றும் பின்சுவரின் நடுவில் ஒன்றுமாக வைத்துப் பார்க்கலாம். எதிரெதிர் சுவர்களில் இருந்து ஒன்றாக ஒலிக்கும்போது நீளவாக்கின் முதல் அலை பெரும்பாலும் எழும்பாமலே போகும். அதுவும் இயலாதபோது ஈக்வலைசரில் அந்த மேட்டை மட்டும் குறுகலாக வெட்டுங்கள். பள்ளங்களை ஈக்வலைசரால் ஏற்றி நிரப்ப முயன்றால், ஆம்ப்ளிஃபயரும் கூம்பும் வீணாக உழைக்குமே தவிர, அழிந்துபோகும் ஒலி திரும்பி வராது. அதற்கு நாற்காலியை இன்னும் நாலங்குலம் நகர்த்திப் பார்ப்பதே வழி.